அணைக்காத விளக்கு

ஊர்ப் பல்லையெல்லாம் பார்க்கிற தங்கை இருந்தும், கடைவாய்ப்பல் சொத்தையாகித் தூக்கம் கெட்ட பிறகுதான் அண்ணன் கிளினிக்குக்கு வந்தார். கல்யாணமான மறுவருஷத்திலிருந்து நாத்தனாருக்குக் கருவி எடுத்துக் கொடுப்பது அண்ணிதான்.

“உங்க அண்ணன் வாய் பேசாம திறந்திருக்கறதை இன்னிக்குத்தான் பாக்கறேன்,” என்றாள் அண்ணி. அண்ணன் தொண்டைக்குள்ளேயே ஏதோ பதில் சொன்னார்.

டாக்டர் தங்கை சிரிக்கவில்லை. சொத்தையைச் சுரண்டியாகிவிட்டது. இனி பல் நிறப் பசையால் குழியை அடைக்கவேண்டும். பசை இளகலாக இருக்கும்போதே அழுத்தி வடிவம் கொடுத்து, பிறகு நீல விளக்கைக் காட்டினால் கல்லாக இறுகிவிடும். ஆனால் தலைக்கு மேலிருக்கும் பெரிய விளக்கின் வெளிச்சத்திலும் அந்த நீலம் கலந்திருக்கிறது. அதைத் தணிக்காவிட்டால் பசை முந்திக்கொண்டு இறுகத் தொடங்கும்.

“விளக்கைக் குறைக்கட்டுமா?”

“வேண்டாம் அண்ணி, இருக்கட்டும்.”

கொஞ்ச மாதமாகவே இதுதான் பதில். குறைத்தால் குழியின் ஓரம் அவளுக்குத் தெரிவதில்லை. கண்ணாடி மாற்றவேண்டும், தூக்கம் போதவில்லை என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டு, கைப்பழக்கத்தை நம்பி ஒப்பேற்றி வந்தாள்.

இன்று கையும் தடுமாறியது. ஓரத்தைத் தேடித் தேடி அழுத்துவதற்குள் பசை இறுகிவிட்டது. கருவியோடு ஒட்டிக்கொண்டு உதிர்ந்தது. மேலே இன்னும் கொஞ்சம் வைத்து மூடிவிடலாம். பார்க்க அழகாகத்தான் இருக்கும், அடியில் இடைவெளி விட்டுச் சொத்தை மறுபடி அரிக்கும்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அடைத்தது பெயர்ந்துவிட்டது என்று போன மாதம் சிலர் திரும்ப வந்திருந்தார்கள். பசை சரியில்லை என்று அவள் சொல்லியனுப்பியிருந்தாள்.

விளக்கை அணைத்தாள்.

“எனக்குக் கண்ணு தெரியல அண்ணி.”

அண்ணி கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தாள். அண்ணன் வாயிலிருந்த எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடுங்கிவிட்டு எழுந்தார்.

“எத்தனை நாளா? ஏன் சொல்லல?”

“சொன்னா நிஜமாயிடுமோன்னு பயம்ணே.”

அன்று மாலையே போய்ப் பார்த்த கண் டாக்டர் எதையும் ஒளிக்கவில்லை. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றிருக்கிறது. போன பார்வை போனதுதான், இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம் என்றார்.

அண்ணனின் பல்லை அடுத்த தெருவில் பல் கிளினிக் வைத்திருக்கும் தோழி அடைத்துக் கொடுத்தாள். இனி இங்கே வருகிறவர்களையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். இந்தச் சில மாதங்களில் இவளிடம் பல் அடைத்துக்கொண்டவர்களைக் கூப்பிட்டுச் சொல்வதுதான் பாக்கி.

“நான் பேசறேனே,” என்றாள் அண்ணி.

“இல்ல அண்ணி. அடைச்சது நான்.”

ஒவ்வொருவருக்கும் போன் செய்து, தன் கண் கோளாறால் வேலை பழுதாகியிருக்கலாம், வந்து காட்டுங்கள் என்றாள். ஒருவர் வாய்க்கு வந்தபடி திட்டினார். கேட்டுக்கொண்டாள். இன்னொருவர் பாதியிலேயே வைத்துவிட்டார். ஒரு வயதான அம்மா மட்டும் முழுக்கக் கேட்டுவிட்டு, “அது கிடக்கட்டும், உன் கண்ணு இப்போ எப்படி இருக்கு கண்ணு?” என்றாள்.

திட்டு வாங்கும்போது வராத அழுகை அப்போது வந்தது. அண்ணி போனை வாங்கி, எப்போது வரச் சௌகரியப்படும் என்று அந்த அம்மாவிடம் கேட்டாள்.