லோகநாயகி வீட்டு ஏசி

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தவர் ஜெபா. அம்பத்தூரில் என் வீட்டு ஏசியைச் சுத்தம் செய்ய வந்த மெக்கானிக். "மாட்டச் சொல்லி ஆயிரம் பேர் கூப்ட்டுகீறாங்க சார். நல்லா ஓடிகினு இருந்த ஏசிய கழட்டச் சொன்ன கவுன்சிலர் ஒருத்தவங்கதான்" என்றார். அவர் கிளம்பியதும் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் வரி இப்படி வந்தது: 'ஏசியை அனுப்பியது யாரென்று லோகநாயகிக்குத் தெரியாது, அப்பாவியான அவள்...'

பொய். அடித்துவிட்டேன். அவளுக்குத் தெரியும். ஆவடிப் பக்கம் ஒரு வார்டின் கவுன்சிலர் அவள். அனுப்பியது தண்ணீர் லாரி உரிமையாளர்கள் சங்கம். பக்கவாதத்தில் விழுந்த கணவர் சம்பந்தம், சித்திரை வெயிலில் வேர்வையில் ஊறிக் கிடந்தார். வேண்டாமென்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. நகராட்சி மன்றத்துக்குத் தரவேண்டிய படிவத்தில் 'பெற்ற பரிசுகள்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

(இங்கே எனக்கு அவள்மேல் கோபம். இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை.)

3

மறு வருடம், வார்டுக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவரும் தீர்மானம் வந்தது. குழாய் வந்தால் லாரிக்கு வேலையில்லை. வாக்கெடுப்பன்று காலையில் சங்கச் செயலாளர் ராகவன் போன் செய்தார்.

"ஏசி நல்லா ஓடுதா அக்கா?"

"ஓடுது."

"ஓடட்டும்கா. தீர்மானம் மட்டும் கொஞ்சம் தள்ளிப் போவட்டும்."

அவள் போனை வைத்துவிட்டு மன்றத்துக்குக் கிளம்பினாள்.

4

மன்றத்தில் அவள் நடுங்கும் குரலில் எழுந்து...

(கூட்டத்தில் இருந்த ஒருவரிடம் இதைப் படித்துக் காட்டினேன். "நடுக்கமா? அந்தம்மாவுக்கா?" என்று சிரித்தார். திருத்துகிறேன்.)

எழுந்து நின்று சொன்னாள்: "தலைவரே, லாரி சங்கம் குடுத்த ஏசி என் ஊட்ல ஓடிகினு கீது. இல்லைன்னு எழுதிக் குடுத்தேன். தெரிஞ்சேதான் எழுதினேன். இப்ப கீதுன்னு எழுதிக்கோங்க. என் ஓட்டு குழாய்க்கு."

"உக்காருங்கம்மா. அப்புறம் பேசிக்கலாம்" என்றார் தலைவர்.

"குறிப்புல ஏத்துங்க. உக்கார்றேன்."

ஏற்றினார்கள். தீர்மானம் இரண்டு ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது.

5

அன்று மதியமே ஜெபாவை வரவழைத்தாள். கணவரிடம் நடந்ததைச் சொன்னாள். "மறுபடி வெக்கையில கெடக்கணும்யா. கழட்டட்டுமா?"

"கழட்டு" என்றார் சம்பந்தம், குழறிய வாயோடு. அசைகிற ஒரு கையால் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

கழற்றிய ஏசியைப் பட்டப்பகலில் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்ச் சங்க வாசலில் இறக்கினாள். கூடப்போன ஜெபா இதைச் சொல்லும்போது, அவரே மன்றத்தில் பேசிவிட்டு வந்ததுபோல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

6

பொய் எழுதியதற்கு விளக்கம் கேட்டு அவளுக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. பதவி போகலாம். போனதாக ஒரு முடிவு எழுதினேன். தெருவே திரண்டு மாலை போட்டதாக இன்னொன்று. இரண்டையும் கிழித்துவிட்டேன்.

முடிவை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். பதவியைப் பறியுங்கள், விட்டுவையுங்கள், உங்கள் பாடு. அவள் தலையை மட்டும் குனிய வைக்காதீர்கள். எழுதிய எனக்கே அதற்கு அவள் இடம் கொடுக்கவில்லை.