ட்ரூரியின் கழுதை யாருடையது

வெர்லின் ஸ்டூட்ஸின் புது ஆல்பத்தை நியூயார்க் பத்திரிகை ஒன்று தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. அவன் மீட்டும் பாஞ்சோவில் மலைக்காற்று வீசுகிறதாம். எங்கள் வர்ஜீனியா மலையில் காற்று எப்படி வீசும் என்று எழுதியவனுக்கு என்ன தெரியும்? கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை.

ஊரில் அதற்குக் கிடைத்த மரியாதையே வேறு. தீயணைப்பு நிலையக் கூடத்தில் வெள்ளிக்கிழமை நடன ஆட்டத்தை நடத்துகிற நடீன், தனக்கு வந்த இசைத்தட்டைக் காப்பிக் குவளைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். எல்லாம் உறையின் பின்பக்கம் இருந்த ஒரு வரியால் வந்த வினை. எங்கள் பக்கத்தில் ஒரு மெட்டை வாசித்தால் அதை யாரிடம் கற்றோம் என்று சொல்லியாக வேண்டும். வெர்லின் எழுதியிருந்தான்: "ஊரில் இதை ட்ரூரியின் கழுதை என்பார்கள். இது பிளெஸ் ஹேர்ஸ்டனின் மெட்டு."

ட்ரூரி ஏக்கர்ஸ் என் அப்பா. தானே கட்டியது என்று சொல்லி அந்த மெட்டை வாசித்துத்தான் அறுபத்தேழில் பிடில் போட்டியில் முதல் பரிசு வாங்கினார். அவர் கல்லறைக் கல்லில்கூட அதன் பெயரைச் செதுக்கி வைத்திருக்கிறோம். நானும் வெர்லினும் முப்பது வருஷம் ஒரே குழுவில் வாசித்தவர்கள். நான் பிடில், அவன் பாஞ்சோ. அப்படிப்பட்டவன் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் அப்பாவின் பெயரை நீக்கிவிட்டான்.

நான் சும்மா இருப்பேனா? கடைக்குக் கடை, வீட்டுக்கு வீடு போய்ச் சொன்னேன். ஏப்ரலில் தேவாலயத்து மீன் விருந்தில் அவன் பாஞ்சோவை எடுத்ததும் பாதிப் பேர் சாப்பாட்டுத் தட்டோடு வெளியே போனார்கள். மே மாதம் பள்ளிக்கூடத்தில் அவன் வாசித்தபோது முன்வரிசைக்காரர்கள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு முதுகைக் காட்டினார்கள். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு குளிர்ந்தது.

"பேரு வந்ததும் அவனுக்குத் தலை கனத்துப்போச்சு, ஸெல்லாக்கா" என்றாள் நடீன். "யாருக்கா இந்த பிளெஸ்? நீ எங்கயாச்சும் பாத்திருக்கியா?"

"நான் எங்கடி பாத்தேன்?"

பொய். பார்த்திருக்கிறேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. ஆற்றோரம் இருந்த அவர் வீட்டுக்கு அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கல்லூரியிலிருந்து வந்த ஒருவர் டேப் மெஷினைச் சுற்றவிட்டிருந்தார். பிளெஸ் வாசித்தார், நானும் அவர் மகளும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே கேட்டோம். அப்பா திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிளெஸ் கறுப்பர். அந்தக் காலத்தில் மேடையில் அந்தப் பெயரைச் சொன்னால் பரிசு வந்திருக்காது. திரும்பும்போது வண்டியில் அப்பா, "பாப்பா, இங்க வந்ததை யார்கிட்டயும் சொல்லாத" என்றார். சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது அவர் என்றால், அந்தச் சோற்றை ஐம்பத்தெட்டு வருஷம் ருசித்துச் சாப்பிட்டது நான்.

ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. சாயங்காலம் ஆறு மணி. கூடம் நிறைந்திருந்தது. நடீன் மைக்கில் வெர்லினைக் கூப்பிட்டாள்.

"பத்திரிகையில பெரிய ஆளாமே! வாய்யா, ஸெல்லாக்காவோட சேந்து அந்தக் கழுதையை ஓட்டிக் காட்டு."

எல்லாரும் சிரித்தார்கள். வரமாட்டான் என்று நினைத்தேன். வந்தான். என்னைப் பார்க்காமல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சுருதி சேர்த்தான்.

எங்கள் வாசிப்பில் ஒரு வழக்கம் உண்டு. மெட்டைச் சுற்றிச் சுற்றி வாசிப்போம். பிடில்காரர் காலைத் தூக்கினால் அதுதான் கடைசிச் சுற்று. அதுவரை யாரும் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் அவமானம். நான் காலைத் தூக்கவில்லை. பத்து நிமிஷம். இருபது நிமிஷம். ஆடியவர்கள் மூச்சு வாங்கி உட்கார்ந்தார்கள், வேறு ஆட்கள் எழுந்தார்கள். வேகத்தைக் கூட்டினேன். வெர்லின் நகத்தால் தந்தியை அடித்து வாசிப்பவன். நகம் பிய்ந்து, பாஞ்சோவில் இழுத்துக் கட்டிய தோல் ரத்தத்தில் சிவந்தது. விடுடா, விட்டுத் தொலைடா என்று மனசுக்குள் கத்தினேன். அவன் விடவில்லை.

என் காதருகே குனிந்தான். "அந்த டேப்பு எங்கிட்ட இருக்கு. 'தாத்தா, இன்னொரு தடவ வாசிங்க'ன்னு ஒரு சின்னப் பொண்ணு கேக்குது. யார் குரல்னு நான் எவன்கிட்டயும் சொல்லல. காலைத் தூக்கு."

என் கால் தானாக எழுந்தது.

கைதட்டல் கூரையைப் பிளந்தது. "இப்ப சொல்லுங்க, மெட்டு யாரோடது?" என்று நடீன் கேட்க, "ட்ரூரி! ட்ரூரி!" என்று கூடமே கத்தியது. வெர்லின் வாயைத் திறக்கவில்லை. விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். இவன் யார் எனக்கு இரக்கம் காட்ட? பற்றிக்கொண்டு வந்தது. நடீன் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினேன்.

"பிளெஸ் ஹேர்ஸ்டனோடது. எங்கப்பா அவர்கிட்டதான் கத்துக்கிட்டாரு. நான் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். எல்லாம் தெரியும்."

நடீன் என்னையே பார்த்தாள்.

"தெரிஞ்சுக்கிட்டேதான் எங்களை அந்த மனுஷன்மேல ஏவி விட்டியாக்கா?"

ஒவ்வொருவராக வெளியே போனார்கள். வெர்லின் பாஞ்சோவைப் பெட்டியில் வைத்து மூடினான். நன்றி சொல்வான் என்று எதிர்பார்த்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எதிர்பார்த்தேன்.

"எங்கிட்டயும் இவங்ககிட்டயும் சொல்லி என்ன புண்ணியம்?" என்றான். "டேப்புல உன்கூடச் சேந்து சிரிக்கிறாளே, பிளெஸ்ஸோட மக, அவ இன்னும் உயிரோட இருக்கா. போன வருஷம் போன் பண்ணேன். எல்லாம் நல்லாத்தான் பேசினா. உன் பேரைச் சொன்னதும் போனை வெச்சுட்டா."

அவளுக்கு என் பெயர் ஞாபகம் இருக்கிறது. அவள் பெயர் எனக்கு ஞாபகம் வரவில்லை. அவனிடம் கேட்கவும் வாய் வரவில்லை.