யாருடைய நாற்பது காலடி?

1

இந்தக் கதை என்னுடையதில்லை, அக்காவிடமிருந்து சுட்டது. அவள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வரைபடம் வாசிக்கவும் வரையவும் கற்றுத்தருகிறாள். நடந்ததையெல்லாம் போனில் மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு, "எழுதித் தொலைச்சிடாதே" என்றாள். எழுதுகிறவனிடம் அப்படிச் சொல்வது பாலுக்குப் பூனையைக் காவல் வைப்பதுபோல.

2

அன்று வானம்... (வேண்டாம். வானத்துக்கு இதில் வேலையில்லை.)

தலைமையாசிரியைக்கு வரைபட வகுப்பின்மேல் நம்பிக்கையில்லை. (இது நிற்கும்.) "வழியெல்லாம் போன்லயே இருக்கே டீச்சர். அந்த நேரத்தைக் கணக்குக்குக் குடுத்திடலாமா?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. "ஒரே ஒரு நாள் வந்து பாருங்க மேடம். உங்க கைமணியையும் கொஞ்சம் குடுங்க."

வேலியோரம் ஐம்பது காலிப் பூந்தொட்டிகள் வரிசையாகக் கவிழ்ந்து கிடந்தன. ஒரு மாணவி மணியை அதிலொன்றின் கீழே ஒளித்துவிட்டு வரைபடம் போட வேண்டும். மற்றவர்கள் அதைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். மூன்று தொட்டிகளைத்தான் தூக்கலாம்.

3

ஒளித்தவள் கொக்கு. வகுப்பிலேயே நெட்டையானவள் என்பதால் அந்தப் பெயர். (முதலில் அவளைக் கூச்சக்காரியாக எழுதியிருந்தேன். அக்கா படித்துவிட்டுச் சிரித்தாள்: "அவளா? வாயைத் திறந்தா மூடமாட்டா!" அடித்துவிட்டேன்.) படம் அருமை. வடக்குக் குறி, குழாயடி, வேலி, 'குழாயிலிருந்து வேலியோரமாகக் கிழக்கே நாற்பது காலடி'. படத்தைக் கொடுத்துவிட்டுப் பல் டாக்டரிடம் போய்விட்டாள்.

ஒருவன் நாற்பது நடந்து ஒரு தொட்டியைத் தூக்கினான். எறும்பு. இன்னொருத்தி நடந்து வேறொன்றைத் தூக்கினாள். அதுவும் இல்லை. பள்ளி விடும் நேரம் வந்துவிட்டது, அடிக்க மணியில்லை. தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்போது ஒரு குட்டிப் பெண் கேட்டாள்: "டீச்சர், யாரோட காலடி?"

ஒரு காலடி எவ்வளவு நீளம் என்று குறிக்கக் கற்றுத்தர அக்கா மறந்திருந்தாள். "தப்பு என்னோடதுதான்" என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். (அக்கா தப்பை ஒத்துக்கொண்டு நான் பார்த்ததேயில்லை. சரி, நம்புவோம்.)

பிள்ளைகள் சுற்றுமுற்றும் பார்த்தார்கள். கொக்கின் உயரத்துக்கு அங்கே ஒரே ஒருவர்தான் இருந்தார்.

4

தலைமையாசிரியை செருப்பைக் கழற்றிவிட்டுக் குழாயடியில் நின்றார். "ஒண்ணு... ரெண்டு..." வகுப்பே சேர்ந்து எண்ணியது. நாற்பதில் நின்றார். குனிந்தார். மிச்சமிருந்த ஒரே வாய்ப்பில், காலடியிலிருந்த தொட்டியைத் தூக்கினார்.

மணி!

முடிவு அ: வகுப்பு பிழைத்தது. (நடந்ததுதான். ஆனால் எழுதினால் சப்பென்று இருக்கிறது.)

முடிவு ஆ: தலைமையாசிரியை கண் கலங்க, அக்காவின் கையைப்... (சேச்சே.)

உண்மையில், மணியடித்து எல்லாரையும் அனுப்பிய பிறகு, அவர் அக்காவின் பக்கம் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டாராம்: "டீச்சர், நாளைக்கு நான் ஒளிச்சு வைக்கட்டுமா?"

மறுநாள் எங்கே ஒளித்தார்? பிள்ளைகள் கண்டுபிடித்தார்களா? அக்காவைக் கேட்டால், "நீதானே எழுதுறவன்!" என்று போனை வைத்துவிடுகிறாள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இதற்குக் கீழே அரைப் பக்கம் வெறுமனே விடச் சொல்லியிருக்கிறேன். பென்சிலைச் சீவிக்கொண்டு வாருங்கள்.