பின்சீட்டு அண்ணி

பட்டையை இறுக்கிக் கட்டிவிட்டு, "அண்ணி ரெடி அண்ணே" என்று டெஸ்ட் ரைடரின் தோளில் ஒரு தட்டு தட்டினான் மெக்கானிக். சோதனைத் தடத்தின் இரைச்சலில் பேச்சு காதில் விழாது. தோளில் தட்டினால் கிளம்பு என்று அர்த்தம். அந்தப் பழக்கத்தை ஆரம்பித்துவைத்தவரே அவர்தான். அண்ணி என்பது ஆள் எடைக்குப் பதிலாகப் பின்சீட்டில் கட்டிவைத்த மணல் மூட்டை. நெடும்பயணத்துக்கென்றே செய்த கம்பெனியின் முதல் நாலு சிலிண்டர் டூரிங் பைக் சோதனைக்கு வந்தபோதே அதற்கு அந்தப் பெயர் விழுந்துவிட்டது.

நிஜ அண்ணிதான், ரைடரின் மனைவி, உட்கார மாட்டேன் என்கிறாள். அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஒரு நெடும்பயணம் போய்வர வேண்டும் என்பது அவருக்குக் கல்யாணமான நாளிலிருந்து ஆசை. முதல் மாடலில் எஞ்சின் சூடு தொடையைப் பொசுக்கியது; பாதி வழியில் இறங்கி பஸ் ஏறிவிட்டாள். நியாயம்தான் என்று விட்டுவிட்டார். அடுத்த மாடலில் எஞ்சினைத் தண்ணீரால் குளிரவைத்தார்கள். பஸ். அதற்கடுத்ததில் செயினுக்குப் பதில் ஷாஃப்ட் வந்தது, முன்கண்ணாடி உயர்ந்தது, பின்சீட்டு சோபா மாதிரி ஆனது. அதற்கும் பஸ்தான். என்ன குறை என்று கேட்டால், "நான் சொன்னா நீங்க எங்க கேக்குறீங்க?" என்பாள். எல்லா மனைவிகளும் சொல்வதுதானே என்று அவரும் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

இப்போது நாலாவது மாடல். இதிலும் அவள் இறங்கிப் போனால் இனி ஏறவே மாட்டாள் என்று அவருக்குத் தோன்றியது. அந்தப் பின்சீட்டில் அப்படி என்னதான் இருக்கிறது? கிளம்பப் போனவர் எஞ்சினை அணைத்தார்.

"அண்ணிய இறக்கு. நீ ஓட்டு, நான் பின்னாடி உக்காருறேன்."

மெக்கானிக் அவரை ஏற இறங்கப் பார்த்தான். அவர் யார் பின்னாலும் உட்கார்ந்ததே கிடையாது.

பின்னாலிருந்து பார்த்தால் சாலையே தெரியவில்லை, ஹெல்மெட்தான் தெரிந்தது. முன்கண்ணாடியில் மோதி ஏறிய காற்று ஓட்டுபவனை விட்டுவிட்டு நேராக இவர் மூஞ்சியில் வந்து அறைந்தது. அட, இதைச் சோதனை அறிக்கையில் ஒருத்தரும் எழுதவில்லையே என்று வியந்துகொண்டிருந்தபோதே வளைவு வந்தது. வண்டி சொல்லாமல் கொள்ளாமல் சாய்ந்தது. மெதுவாகப் போகச் சொல்லிக் கத்தினார். காதில் விழவில்லை. தோளில் தட்டினார். வண்டி சீறிப் பாய்ந்தது. பதறிப்போய் இன்னும் பலமாகத் தட்டினார். இன்னும் பாய்ந்தது. கடைசியில் மெக்கானிக்கை இறுகக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

"தட்டுனா போகணும்னு நீங்கதானே அண்ணே சொல்லிக்கொடுத்தீங்க?" என்றான் அவன், வண்டியை நிறுத்தியதும்.

அவர் இறங்கினார். ஓரமாகக் கிடந்த மூட்டையைப் பார்த்தார். அது இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அவர் தோளைத் தட்டியதில்லை.

சாயங்காலம் வண்டியோடு வீட்டுக்கு வந்தவர், வாசலிலேயே மனைவியிடம் கேட்டார். "வண்டியில போறப்ப என் தோளைத் தட்டுவியே, எதுக்கு?"

"நிறுத்தச் சொல்லித்தான். நீங்க இன்னும் வேகமா போவீங்க."

கோபமே இல்லாமல் சொன்னாள். அவருக்கு வெட்கமாக இருந்தது. தடத்தில் நடந்ததைச் சொன்னபோது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தெருமுனை வரைக்கும் வா என்று கெஞ்சிக் கூப்பிட்டார். யோசித்துவிட்டு ஏறினாள்.

நாலு வீடு தாண்டுவதற்குள் தோளில் ஒரு தட்டு. வலது கை தன்னாலேயே ஆக்சிலேட்டரை முறுக்கப் போனது. பல்லைக் கடித்துக்கொண்டு பிரேக்கைப் பிடித்தார். என்ன என்று கேட்டதற்கு, "சும்மாதான்" என்றாள். மறுபடி கிளம்பினார். மறுபடி தட்டினாள். மறுபடி நின்றது. மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தாள்.

தெருமுனையில் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் இவர்களைப் பார்த்துக் கொஞ்சம் காத்திருந்தார். பின்சீட்டிலிருந்து யாரும் இறங்கவில்லை. பஸ் போய்விட்டது.