கொண்டலாத்தி வந்துவிட்டது

கோகந்த் ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கியில் ரயில் வருகையை அறிவித்துக்கொண்டிருந்த எகம்பெர்தி, ஓய்வு பெற்றதும் வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து பறவைகளின் வருகையை அறிவிக்க ஆரம்பித்தார். சம்பளம் கிடையாது, கேட்க ஆளும் கிடையாது. இருந்தாலும் பழகின வாய் சும்மா கிடக்குமா?

இலை உதிர்ந்ததும் வடக்கேயிருந்து காக்கைக் கூட்டம் வந்தது, அறிவித்தார். பனி கொட்ட ஆரம்பித்த பிறகு அறிவிக்க ஒன்றுமே இல்லை. நாள் நகர மாட்டேனென்றது. தேநீர்க் கிண்ணமும் கையுமாகக் கொல்லையில் உட்கார்ந்து, கைபேசியில் கொண்டலாத்திப் பறவையின் குரலைப் போட்டுப் போட்டுக் கேட்டார். அது வந்தால் வசந்தம் வந்தாயிற்று என்று அர்த்தம்.

பிப்ரவரியில் சில நாள் நல்ல வெயில். ஒருநாள் காலை, மல்பெரி மரத்துப் பக்கமிருந்து "ஹுப்... ஹுப்... ஹுப்" என்று கேட்டது. கைபேசியைத் தொட்டுப் பார்த்தார். அது சட்டைப்பையில் பேசாமல் கிடந்தது. உடனே மனைவியைக் கூப்பிட்டார்.

"சலோமத்! கொண்டலாத்தி வந்துடுச்சு! இனிமே உறைபனி கிடையாது. கொடியைத் தோண்டி எடுத்துடலாம்!"

குளிருக்கு மண்ணுக்குள் புதைத்து வைத்திருந்த திராட்சைக் கொடி அது. சலோமத்தின் அப்பா வீட்டை ரோடு போட இடித்தபோது, அவள் ஒரு குச்சியை வெட்டி ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து நட்டது. அந்த வீட்டில் அவளுக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான்.

சலோமத் வாசற்படியில் நின்று மரத்தைப் பார்த்தாள், பிறகு இவர் முகத்தைப் பார்த்தாள்.

"கொஞ்ச நாள் பொறுக்கலாமேங்க."

"பறவையைவிட உனக்கு நல்லாத் தெரியுமா?"

இவர் மண்வெட்டியை எடுத்தார். பக்கத்து வீட்டு ஹைதர் சுவருக்கு மேலே தலையை நீட்டினான்.

"என்னண்ணே, அதுக்குள்ளயா?"

"கொண்டலாத்தி வந்துடுச்சுடா. நீயும் உன் கொடியை எடு."

"நீங்க அறிவிச்ச ரயில் எது அண்ணே நேரத்துக்கு வந்திருக்கு? நான் அப்புறமா எடுத்துக்கறேன்."

பொறாமை பிடித்த பயல் என்று எகம்பெர்தி நினைத்துக்கொண்டார். கொடியைப் பந்தலில் ஏற்றிக் கட்டினார். வெயிலுக்கு மொட்டெல்லாம் உப்பிக்கொண்டு வந்தன. தினமும் போய் அவற்றைப் பார்த்துத் தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளாத குறைதான்.

மார்ச்சில் வானம் கறுத்தது. சாயங்காலமே பனி கொட்ட ஆரம்பித்துவிட்டது. எகம்பெர்தி வீட்டிலிருந்த மெத்தை, ஜமுக்காளம் எல்லாவற்றையும் பந்தல் மேல் போட்டார். போதாதென்று தன் பஞ்சு அங்கியையும் கழற்றிப் போர்த்திவிட்டு, வெறும் சட்டையோடு நடுங்கினார்.

"கொடிக்குச் சளி பிடிச்சிருக்கா அண்ணே?" என்றான் ஹைதர். ஆனாலும் சுவரேறிக் குதித்து, தன் வீட்டு ஜமுக்காளத்தையும் கொண்டுவந்து போட்டான்.

காலையில் தூக்கிப் பார்த்தால் மொட்டெல்லாம் கருகிக் கிடந்தன. எகம்பெர்தி ஒன்றைக் கிள்ளிப் பார்த்தார். அப்போது பனி மூடிய மல்பெரிக் கிளையிலிருந்து "ஹுப்... ஹுப்... ஹுப்" என்றது. அண்ணாந்தார். ஒரு மைனா. தொண்டையை உப்பிக்கொண்டு இன்னொரு தடவை கூவியது. முடித்ததும், கைபேசியில் செய்தி வந்தால் அடிக்குமே, அதே மாதிரி "டிங்" என்றது.

அடக் கடவுளே! பனிக்காலம் முழுக்க வாத்தியாராக உட்கார்ந்து அதற்குப் பாடம் நடத்தியவர் இவரேதான். தான் சொல்லிக்கொடுத்த பொய்யைத் தானே கேட்டு, ஊரைக் கூட்டி அறிவித்திருக்கிறார். இப்படியொரு முட்டாளை அந்த ரயில் நிலையம் எப்படித்தான் வைத்துக்கொண்டிருந்ததோ!

"அது மைனாங்க," என்றாள் பின்னால் வந்து நின்ற சலோமத்.

"உனக்குத் தெரியுமா?"

"சமையக்கட்டு ஜன்னல்ல உக்காந்து தினம் அதைத்தானே கத்துது."

"அப்ப அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"வேலையை விட்டதுலேர்ந்து நீங்க சிரிச்சு நான் பாக்கலை. அன்னிக்குத்தான் சிரிச்சீங்க. பனி வராமப் போயிடும்னு நினைச்சேன்."

நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது எகம்பெர்திக்கு. தலையைக் குனிந்துகொண்டார். தன் அப்பா வீட்டுக் கொடியைப் பணயம் வைத்திருக்கிறாள், இந்தக் கிழவன் சிரிப்பதற்காக!

பனி உருகி மண் இளகியதும், சலோமத் கத்தரிக்கோலைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். "அடியோட வெட்டுங்க, வேர் பிழைச்சிருக்கான்னு பார்ப்போம். என்னால முடியாது."

வெட்டினார். இருவரும் அடிக்கட்டையைப் பார்த்தபடி குந்தியிருந்தார்கள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு வெட்டுவாயில் மெல்ல ஒரு துளி நீர் திரண்டது. அது வழிந்து மண்ணில் விழ, இன்னொன்று திரண்டது.

சலோமத் விரலால் தொட்டுப் பார்த்தாள். "அழுவுதுங்க! வேர்ல உயிர் இருக்கு!"

எகம்பெர்தி இன்னும் கிட்டே குனிந்தார். "பழம்?"

"இந்த வருஷம் கிடையாது. அடுத்த வருஷமும் சந்தேகந்தான்." அவள் ஈர விரலை அங்கியில் துடைத்துக்கொண்டாள். "அதுக்கு அடுத்த வருஷம் பழுக்கும். ரெண்டு பேரும் இருப்போமில்ல?"

"இருப்போம்," என்றார் அவர்.