பிரஸ் லைன் டிவியில் ஒரு சாய்கோடு

மெஷின்களை ரிப்பேர் பார்க்கும் ஃபிட்டர் டில்லிபாபுவின் வலது கை பிரஸ் மெஷினுக்குள் நசுங்கியது வியாழக்கிழமை பகல் ஷிஃப்டில். ஒரகடத்தில் இருந்த அந்தத் தொழிற்சாலையில், மாலைக்குள் எல்லோருக்கும் குற்றவாளி யாரென்று தெரிந்துவிட்டது. ஸ்டார்ட் பட்டனை அமுக்கிய பாண்டிச்செல்வி. பழி போடுவதென்றால் மட்டும் நம் ஆட்களுக்கு அப்படியொரு சுறுசுறுப்பு.

எழிலரசி சேரப்பணஞ்சேரிப் பெண், அங்கே கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. லைனுக்கு மேலே தொங்கும் டிவியில் ஓடும் வெப் பக்கம் அவள் பொறுப்பு. முன்பெல்லாம் ஃபிட்டர் எந்த மெஷினுக்குள் கைவிட்டாலும், தன் பெயர் எழுதிய சிவப்பு அட்டையை அதில் மாட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். டிவி வந்ததும் அட்டையைத் தூக்கிவிட்டார்கள். ஃபிட்டர் செல்போனில் பதிந்தால் டிவியில் அந்த மெஷின் பெயர் சிவப்பாக வரும். சிவப்பு இல்லையென்றால் ஓட்டலாம்.

டில்லிபாபு பதிந்திருந்தார். பாண்டிச்செல்வியும் டிவியைப் பார்த்துவிட்டுத்தான் அமுக்கியிருந்தாள்.

எழிலரசி அந்தப் பக்கத்தின் புரோகிராமைத் திறந்தாள். பின்னால் வரப்போகும் ஓர் அறிவிப்புக்காக அன்று காலை ஒரு காலிப் பெட்டியைச் சேர்த்து, கண்ணுக்குத் தெரியாதபடி மறைத்து வைத்திருந்தாள். பெட்டியைத் திறக்க ஒரு டேக், அதாவது ஒரு குறி, மூட ஒரு டேக் வேண்டும். உள்ளேதான் ஒன்றுமில்லையே என்று, திறக்கும் டேகின் கடைசியிலேயே ஒரு சாய்கோடு போட்டு முடித்துவிட்டாள். அவள் கோர்ஸில் படித்த முறையில் அது தானே மூடிக்கொள்ளும். இந்தப் பழைய ஹெச்டிஎம்எல் பக்கத்தில் பிரவுசர் அந்தக் கோட்டைச் சட்டையே செய்வதில்லை. பெட்டி திறந்தே கிடந்தது. கீழே வந்த சிவப்பு வரிகள் எல்லாம் அதற்குள் போய், அதோடு சேர்ந்து மறைந்துவிட்டன. காலையில் சோதித்தபோது எந்த மெஷினும் ரிப்பேரில் இல்லாததால், கீழே காலியாக இருந்தது சரியென்றே பட்டது.

மேனேஜர் லக்ஷ்மிநரசிம்மனிடம் ஓடிப்போய்ச் சொன்னாள்.

"மொதல்ல அதச் சரி பண்ணும்மா. இன்னொருத்தன் கையும் போகணுமா? மத்தத என்கொயரில பாத்துக்கலாம்."

அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் கொடுமை. அழுதுகொண்டே திருத்தி, பழையதன் மேலேயே சேவ் செய்தாள்; பழையது அழிந்துபோனது.

திங்கட்கிழமை டிவிக்குக் கீழேயே என்கொயரி நடந்தது. ஒரு மெஷினை ரிப்பேர் என்று பதிந்து காட்டினார்கள். பளிச்சென்று சிவப்பு வந்தது. பாண்டிச்செல்வி அண்ணாந்து பார்த்தபடி நின்றாள்.

"இம்புட்டுப் பெருசா வந்திருக்கு. எங் கண்ணுல படலையே. அப்ப நாந்தான் சரியாப் பாக்கல போல."

எழிலரசியால் பொறுக்க முடியவில்லை. "இல்லக்கா! அன்னிக்கி அது வரவே இல்ல. நான்தான் ஒரு டேக தப்பாப் போட்டுட்டேன். நீ இன்னாக்கா பண்ணுவ?"

அன்றைய பழைய புரோகிராம் எங்கே என்று விசாரித்தவர் கேட்டார். அவளிடம் காட்ட ஒன்றுமில்லை. அன்றே அவள் சொல்லக் கேட்டிருந்த லக்ஷ்மிநரசிம்மன் கையிலிருந்த தாளைப் புரட்டினார். எல்லோரும் டிவியைத்தான் பார்த்தார்கள்.

பாண்டிச்செல்வி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்காகப் பொய் சொல்லாத தாயி. அந்த மனுசன் கையே போயிருச்சு. நீயும் எதுக்கு வேலைய விடணும்?"

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, தப்பு தன்னுடையது என்று எழுதிய தாளில் கையெழுத்து எங்கே போடவேண்டும் என்று கேட்டாள்.