மண் விழுந்த பக்கம்

கதை படித்து யாரும் சாவதில்லை என்று பத்திரிகை ஆசிரியர் போனில் சொன்னார். ஆறுதலுக்குச் சொன்னாராம். அவரை மரக்காணத்துக்கு இழுத்துவந்து எங்கள் உப்பளத்துக் கரையில் நிறுத்த வேண்டும் போலிருந்தது. போனை வைத்துவிட்டேன்.

அவர் போட்ட என் கதைக்குப் பெயர் ‘கரைக்காவல்’. இன்னும் இருபது வருடம் கழித்து நடப்பதாக எழுதியிருந்தேன். கோடையிலேயே புயல் வருகிறது. கடல் முகத்துவாரம் வழியாக ஏறி வாய்க்காலை நிரப்புகிறது. வாய்க்காலுக்கு மேற்கே உப்பளம், கிழக்கே மீனவர் குப்பம். உப்பளத்துக்காரன் ஒருவன் யூரியா சாக்கை முக்காடு போட்டுக்கொண்டு, மண்வெட்டியால் தன் கரையை உயர்த்திக்கொண்டே இருக்கிறான். போக்கிடம் இல்லாத தண்ணீர் குப்பத்துக்குள் நுழைகிறது. கரையை வெட்டிவிடு என்று அங்கிருந்து கெஞ்சுகிறார்கள். அவன் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, குப்பம் மூழ்குகிறது. ‘அவன் கேட்டு நகர்கிறவன் இல்லை, அடித்தால்தான் விழுவான்’ என்று நடுவில் ஒரு வரி. எனக்கு ரொம்பப் பிடித்த வரி.

ஆரோவில்லில் நான் வேலை பார்க்கும் நூலகத்தில் கூட்டம் போட்டு அதை வாசிக்க வைத்தார்கள். சென்னையிலிருந்து வந்த ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “கொஞ்சம் நம்பிக்கை குடுத்து முடிச்சிருக்கலாமே” என்றார். அழுது முடித்து எல்லோரும் சமோசா சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன். பொய் சொல்வானேன், பெருமையாகத்தான் இருந்தது.

குப்பத்தில் யாரோ அந்தப் பக்கங்களைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் தட்சணாமூர்த்தி என்னை மறித்தார். சொந்தமாக ஃபைபர் போட் வைத்திருப்பவர். சின்ன வயதிலிருந்து எங்களைத் தெரியும்.

“அருளு, உங்காளுங்க இன்னா பண்ணப் போறானுங்கன்னு உள்ள இருந்தே நீ சொல்லிட்ட. நல்லதாப் போச்சு.”

“அது கதைங்க அண்ணே.”

“கதைன்னா? பொய்யா எழுதியிருக்க?”

எனக்குச் சுருக்கென்றது. இல்லை என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

என் தம்பி தேவாவும் படித்தான். எங்களுக்கிருந்த உப்பளத்தைப் பார்த்துக்கொண்டவன் அவன்தான். கட்டிலில் கவிழ்ந்து படுத்து, போனில் விரலால் தள்ளித் தள்ளி முழுக்கப் படித்துவிட்டுக் கேட்டான்.

“ஏன்க்கா, அவன் கரைய வெட்டி உட்டிருக்கலாம்ல? உப்பு போனா அடுத்த வருசம் வாரிக்கிறான்.”

“வெட்டிட்டா கதை முடிஞ்சிடும்டா.”

“முடியட்டுமே.”

மக்கு என்று தலையில் தட்டினேன்.

இருபது வருடம் எங்கே காத்திருந்தது! இந்தச் சித்திரையிலேயே புயல் வந்துவிட்டது. மூன்று நாள் விடாத மழை. வாரக் காத்திருந்த உப்பெல்லாம் பாத்தியிலேயே கரைந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் கடலும் ஏறி வாய்க்கால் தளும்பியது, குப்பத்துக்குள் தண்ணீர் நுழைந்தது. தேவா சாக்கை முக்காடு போட்டு மண்வெட்டியை எடுத்தான். கரையை உயர்த்தத்தான் போகிறான் என்று நானும் நினைத்தேன். மழை வந்தால் எந்த உப்பளத்துக்காரனும் அதைத்தானே செய்வான். “கொஞ்சம் வேல இருக்குதுக்கா” என்று சிரித்துவிட்டுப் போனான். அரைமணி நேரம் பொறுத்தேன். மனசு கேட்கவில்லை, பின்னாலேயே போனேன்.

ரோட்டிலிருந்து பார்த்தபோது, வாய்க்காலில் மார்பளவு தண்ணீரில் நான்கு பேர் வந்துகொண்டிருந்தார்கள். கையில் துடுப்பு, கம்பி. தேவா அவர்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்திருந்தான். நான் கத்தியது காற்றில் எனக்கே கேட்கவில்லை. முதலில் கரையேறியது தட்சணாமூர்த்தி. துடுப்பை இரண்டு கையாலும் ஓங்கிப் பிடரியில் இறக்கினார். தேவா முழங்காலிட்டான். அடுத்தவன் கம்பியால் கணுக்காலை உடைத்தான். விழுந்தவனை மல்லாத்தி வாயிலேயே மிதித்தார்கள், பல் தெறித்தது. சாக்கு முகத்தில் ஒட்டியிருக்க, அதன் மேலேயே மறுபடி துடுப்பு இறங்கியது. தேங்காய் உடைகிற சத்தம்.

“மண்ணப் பாருடா பாவி!” என்று கதறிக்கொண்டே போய் விழுந்தேன். “மண்ணு எந்தப் பக்கம் விழுந்திருக்குது பாரு!”

அவருக்குப் புரியவில்லை. எப்படிப் புரியும்? கரையை உயர்த்துகிறவன் வாய்க்கால் ஓரத்துச் சேற்றை அள்ளி மேலே வைப்பான். மிதித்து மிதித்து இறுக்கிய பாத்திக்குள் ஒரு பிடி மண் விழவிடமாட்டான். விழுந்தால் வருசம் முழுக்க உப்பு கறுத்துப்போகும். தேவா வெட்டிய மண் அத்தனையும் எங்கள் பாத்திக்குள் குவிந்து கிடந்தது. கரை முழங்கால் ஆழத்துக்கு இறங்கியிருந்தது. இன்னும் ஒரு சாண் வெட்டினால் தண்ணீர் எங்கள் பக்கம் பாய்ந்துவிடும்.

தட்சணாமூர்த்தி சாக்கை விலக்கிப் பார்த்தார். “எங்களுக்காவா வெட்டுனான்?” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். “இத நீ எழுதலியே, அருளு.”

எழுதியிருந்தேன். மண்ணை எங்கே எடுப்பார்கள், எங்கே விழக்கூடாது என்று ஒரு பத்தியே எழுதியிருந்தேன். நீளமாக இருக்கிறது என்று ஆசிரியர் சொன்னதும் அதைத்தான் தூக்கினேன். ‘அடித்தால்தான் விழுவான்’ மட்டும் இருக்கட்டும் என்று சண்டை போட்டேன்.

தேவாவின் மண்வெட்டியை எடுத்துத் தட்சணாமூர்த்தியை அடித்தேன். தோள்பட்டை எலும்பு முறிந்தது கையில் தெரிந்தது. அவர் தடுக்கவில்லை. மறுபடி ஓங்கினேன். முறியாத கையால் மண்வெட்டியை வாங்கிக்கொண்டார்.

“எந்தப் பக்கம் போடணும்?”

தேவாவின் தலையை மடியில் வைத்திருந்தேன். மூச்சு விடும்போதெல்லாம் வாயில் ரத்தம் நுரைத்தது. எங்கள் பாத்தியைக் காட்டினேன். அவர் ஒற்றைக் கையால் வெட்டினார், மற்ற மூவரும் அழுதுகொண்டே கையால் மண்ணை அள்ளினார்கள். கரை பிய்ந்து தண்ணீர் எங்கள் மேல் ஏறி உள்ளே பாய்ந்தது.

மீன் வண்டியில் போட்டுப் பாண்டிச்சேரிக்குப் பறந்தோம். கூனிமேடு வருவதற்குள் தேவா போய்விட்டான். சாயங்காலத்துக்குள் குப்பத்தில் தண்ணீர் வடிந்துவிட்டது, ஒரு உயிரும் போகவில்லை. நான் எழுதிய முடிவில் எல்லோரும் சாவார்கள்.